டர்பன்ல கூரைக்கு சோலார் போடணுமா, பேனலுக்கு முன்னாடி பேப்பரப் பாருங்க

போன மாசம் தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற சாட்ஸ்வொர்த்ல ஒரு ஆயா கோவில் ஹாலுக்கு வந்தாங்க. கையில ஒரு பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள சோலார் போட்டவன் குடுத்த ஒரு பக்க இன்வாய்ஸ், கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்த கடுதாசி, செத்துப்போன தாத்தாவோட ஐடி புக். ஸ்டேஜ் 6 லோட்ஷெட்டிங், அதாவது முறை வச்சு கரண்ட் கட் பண்றது, கடுமையா ஓடுன நேரத்துல மகன் கடன் வாங்கி எட்டு பேனல் போட்டுக் குடுத்திருக்கான், இப்ப அனுமதி இல்லாம இணைச்சிருக்கீங்க, சரிபண்ணலன்னா லைனக் கட் பண்ணுவோம்னு கடுதாசி. மூணு தடவ கவுண்டருக்குப் போயிருக்காங்க. மொத தடவ இன்ஜினியர் கையெழுத்து இல்லன்னாங்களாம், ரெண்டாவது தடவ ஓனர் கையெழுத்து இல்லன்னாங்களாம், மூணாவது தடவ சிஸ்டம் டவுன். "ஓனரு மேல போயிட்டாரு தம்பி, நான் எங்க போய் கையெழுத்து வாங்குறது"ன்னு கேக்குறாங்க. இந்த மாதிரி பை தூக்கிட்டு வர்றவங்க இப்ப வாரத்துக்கு ரெண்டு மூணு பேரு.

ரூல் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். மெட்ரோ, அதாவது மாநகராட்சி, அவங்க கரண்ட் லைனோட சேர்ந்து ஓடுற எந்த சோலார் சிஸ்டமா இருந்தாலும் எஸ்எஸ்ஈஜின்னு பதிவு பண்ணணும், அதாவது சின்ன அளவுல சொந்தமா கரண்ட் தயாரிக்கிறவங்க கணக்கு. நம்ம ஊர்ல அது ஈதெக்வினிங்கிற டர்பன் மாநகராட்சியோட கரண்ட் ஆபீஸ்ல. லைசென்ஸ் தேவையில்லன்னு 2023ல கவர்மெண்ட் சொன்னது உண்மைதான், ஆனா லைசென்ஸ் வேற பதிவு வேற, ரெண்டையும் ஒண்ணாக்கி பேசி வித்தவங்க நிறைய பேரு.

ஜனங்க அதிகமா மாட்டுறது ஹைப்ரிட் இன்வெர்ட்டர்லதான், அதாவது பேனல், பேட்டரி, லைன் மூணோடயும் சேர்ந்து ஓடுற பொட்டி. "நாங்க வெளிய கரண்ட் அனுப்பவே இல்ல, எங்க வீட்டுக்கு மட்டும்தான், அப்புறம் எதுக்கு பதிவு"ன்னு எல்லாரும் கேக்குறாங்க. வெளிய அனுப்பாத மாதிரி செட்டிங் வச்சிருந்தாலும் லைனோட ஒயர் சேர்ந்திருக்கில்ல, அப்ப அது கிரிட்ல இருக்குற சிஸ்டம்தான், பதிவு பண்ணியே ஆகணும். காரணம் இருக்கு, தெருவுல லைன் ஆஃப் பண்ணிட்டு ஒருத்தர் கம்பத்துல ஏறி வேல பாக்கும்போது உங்க கூரையில இருந்து கரண்ட் போனா அவரு உயிரு போகும். அதனாலதான் இன்வெர்ட்டருக்கு என்ஆர்எஸ் 097-2-1 டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் கேக்குறாங்க, லைன் நின்னா பொட்டியும் தானா நிக்கும்னு காட்டுற பேப்பர். சீப்பா கிடைக்குதுன்னு வாங்குன பொட்டியில அது இருக்கான்னு பணம் குடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க, குடுத்தப்புறம் கேட்டா வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக் மட்டும்தான் வரும்.

அடுத்தது சிஓசி, கரண்ட் வேலை ரூல் படி பத்திரமா நடந்திருக்குன்னு குடுக்குற சர்ட்டிஃபிகேட். இந்த ஒரு பேப்பருக்காக ஜனங்க அலையுற அலைச்சல் சொல்லி மாளாது. லேபர் டிபார்ட்மெண்ட்ல பதிவு பண்ண ஆளுதான் இதுல கையெழுத்து போடலாம், பேனல் மாட்டுன பையன் போட முடியாது. கூடவே டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கணும், அது இல்லாத சிஓசி வெறும் காகிதம். கையெழுத்து போட்டவரு சிங்கிள் ஃபேஸ் டெஸ்டரா இருந்து உங்க வீடு த்ரீ ஃபேஸா இருந்தா அதுவும் செல்லாது. சோலார் போடுறதுக்கு முன்னாடி எடுத்த பழைய சிஓசிய காட்டி "இது போதும் ஆன்டி"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க, போதாது, புது வேலைக்கு புது பேப்பர். பிவி கிரீன் கார்ட்னு சோலார் தொழில்காரங்க சங்கத்தோட பேப்பர் ஒண்ணு குடுப்பாங்க, நல்லதுதான், ஆனா சிஓசிக்கு பதிலா அது ஆகாது. வீட்டுல தீப்பிடிச்சா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல கேக்குறதும் இந்த சிஓசியத்தான்.

இன்ஜினியர் கையெழுத்து தனி. எக்ஸாங்கிற இன்ஜினியரிங் கவுன்சில்ல பதிவு பண்ண ஆளு சைன் பண்ணணும், அதுக்கு தனி ஃபீஸ். கொட்டேஷன்ல இது சேர்ந்திருக்கா இல்லையான்னு எழுத்துல வாங்குங்க. "ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு வாயில சொல்றத நம்பாதீங்க. பத்து சதவீதமாவது பணத்த கையில வச்சுக்கிட்டு, மெட்ரோ ஆன் பண்ணலாம்னு எழுதிக் குடுத்தப்புறம்தான் மீதின்னு பேசுங்க. வரிசையும் முக்கியம், மொதல்ல போடலாம்னு அனுமதி, அப்புறம் வேல, அப்புறம் ஆன் பண்ண அனுமதி. நம்மாளுங்க தலைகீழா பண்றாங்க. நானும் என் வீட்டுல தலைகீழாத்தான் பண்ணேன், அந்தக் கதை வேணாம் விடுங்க.

மீட்டர் விஷயம் ஒண்ணு. பழைய சக்கர மீட்டர் பின்னாடி சுத்துதுன்னு சந்தோஷப்படாதீங்க, அது தப்பு, பின்னால பில்லா வந்து நிக்கும். ப்ரீபெய்ட்ல இன்னும் மோசம், சில மீட்டரு வெளிய போற கரண்டயும் நீங்க செலவு பண்ண கணக்குல சேர்த்து நீங்க காசு கட்டி ஏத்துன டோக்கனத் தின்னுடும், சிலது டேம்பர்னு சொல்லி நின்னே போயிடும்.

இப்ப ஆயாவோட பிரச்சனைக்கு வரேன். வீடு யாரு பேருல இருக்கோ அவங்க கையெழுத்து வேணும். சாட்ஸ்வொர்த்லயும் ஃபீனிக்ஸ்லயும் தாத்தா பேருலயே நிக்குற வீடு எத்தன இருக்கு, புள்ளைங்க ஆஸ்திரேலியாவுல, எஸ்டேட்ட, அதாவது செத்தவரு சொத்த வாரிசு பேருக்கு மாத்துற வேலைய, யாரும் முடிக்கவே இல்ல. கவுண்டர்ல டெத் சர்ட்டிஃபிகேட் குடுத்தா வேல நடக்காது. செத்தவங்க சொத்த கவனிக்கிற மாஸ்டர் ஆஃப் த ஹைகோர்ட் ஆபீஸ்ல இருந்து ஒரு கடிதம் வாங்கணும், அவரு விட்டுட்டுப் போன மொத்த சொத்து மதிப்பு 250,000 ராண்டுக்குள்ள இருந்தா லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி, அதுக்கு மேலன்னா எக்ஸிக்யூட்டர் லெட்டர். இதுக்கு மாசக்கணக்குல ஆகும், அதனால சோலார் யோசிக்கிற அன்னைக்கே இத ஆரம்பிங்க. இத யாராவது ஆயாகிட்ட மொத நாளே சொல்லியிருந்தா மூணு டாக்ஸி காசு மிச்சம்.

கூரை ஆஸ்பெஸ்டாஸா இருந்தா அப்படியே நில்லுங்க. நம்ம ஏரியால பழைய கவுன்சில் வீட்டுல அது நிறைய. 2020 ஆஸ்பெஸ்டாஸ் ரூல் படி யாரு வேணா ஏறி ட்ரில் போட முடியாது, அதுக்குன்னு பதிவு பண்ணவங்கதான் தொடணும். ட்ரில் பண்ணா பறக்குற தூசி நுரையீரலுக்குள்ள போய் உக்காந்துக்கும். ரெண்டு வீடு ஒட்டிக் கட்டுன வீடுன்னா கூரையில பாதி பக்கத்து வீட்டுக்காரரோடது, அவரு சம்மதத்தையும் எழுதி வாங்குங்க.

பணம் திரும்பக் கிடைக்கும்னு சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதை. 15,000 ராண்டு வரைக்கும் வரிச்சலுகை இருந்துச்சு, பேனல் விலையில 25 சதவீதம், 2023 மார்ச் 1ல இருந்து 2024 பிப்ரவரி 29 வரைக்கும் ஓட ஆரம்பிச்ச புது பேனலுக்கு மட்டும், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் அப்பவே கிடையாது. முடிஞ்சு போச்சு. இன்னும் அதச் சொல்லி விக்கிறான்னா அவன்கிட்ட எதுவுமே வாங்காதீங்க. எஸ்கோம்ங்கிற தேசிய கரண்ட் கம்பெனி 50 கேவிஏ சைஸ் வரைக்கும் கொஞ்ச காலத்துக்கு பதிவுக் கட்டணம் இல்லன்னு அறிவிச்சிருந்தத பேப்பர்ல பாத்துட்டும் வர்றாங்க, அது எஸ்கோம்கிட்ட நேரா கரண்ட் வாங்குறவங்களுக்கு, உங்க பில் மெட்ரோல இருந்து வருதுன்னா உங்களுக்கு இல்ல.

தெருவே சேர்ந்து செய்யலாமான்னு டர்பனுக்கு வடக்க இருக்குற டொங்காட்ல இருந்து ஒரு குரூப் கேட்டாங்க. 2022 ஏப்ரல் வெள்ளத்துல மாகாணத்துல 400 பேருக்கு மேல செத்தாங்க, டொங்காட்ல தண்ணி சுத்திகரிப்பு நிலையம் அடிச்சுட்டுப் போய் மாசக்கணக்குல டேங்கருக்கு பக்கெட்டோட நின்ன ஜனங்க, அவங்களுக்கு இந்த பருவநிலை மாற்றம்னா என்னன்னு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்ல. சேர்ந்து செய்யலாம், தாராளமா, ஆனா ஒரு வீட்டுல பேனல் போட்டு பக்கத்து வீடுகளுக்கு கேபிள் இழுத்து காசு வாங்கக்கூடாது. அது கரண்ட் விக்கிறது, அதுக்கு நெர்சாங்கிற தேசிய எனர்ஜி கட்டுப்பாட்டு ஆபீஸ்ல பதிவும் மெட்ரோவோட ஒப்பந்தமும் வேணும். சேர வேண்டியது வேற இடத்துல. பத்து வீடு ஒண்ணா ஒரே மாதிரி இன்வெர்ட்டர் வாங்குங்க, ஒரே இன்ஜினியர ஒரே நாள்ல வரச் சொல்லி ஃபீஸ் பேசுங்க, பத்து ஃபைலயும் ஒரே ஆளு கொண்டுபோய் குடுக்கட்டும். தனியா போற ஆயாவ நாளைக்கு வான்னு சொல்லலாம், பத்து ஃபைலோட ஒரு கமிட்டி நின்னா கொஞ்சம் யோசிப்பாங்க.

சிஸகலா சென்டருக்கு, அதாவது மெட்ரோவோட கஸ்டமர் கவுண்டருக்கு, போனா ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காம வெளிய வராதீங்க. பேசுனவங்க பேரு, தேதி, என்ன பேப்பர் இல்லன்னு சொன்னாங்க, எல்லாத்தையும் அங்கயே நின்னு எழுதுங்க, அப்புறம் அதையே ஈமெயிலா அனுப்புங்க. "இது தவிர வேற எதுவும் வேணுமா"ன்னு அந்த ஈமெயில்ல கேளுங்க, அடுத்த தடவ புதுசா ஒண்ணு கேட்டா அதக் காட்டலாம். ஆயாவுக்கு அப்படித்தான் ஒரு ஈமெயில் போட்டோம், எக்ஸிக்யூட்டர் லெட்டர் வர்ற வரைக்கும் கட் பண்ணாம டைம் குடுங்கன்னு. இன்னும் பதில் வரல, அடுத்த திங்கக்கிழமை திரும்பப் போறோம்.