நீங்க எந்த ரூம்ல இருக்கீங்கன்னு ரூமுக்கே தெரிஞ்சா?

டிவி ரிமோட்டை பக்கத்து ரூம்ல இருந்து அமுக்கினா வேலை செய்யாது, ஆனா அதே ரூம்ல சுவரைப் பாத்து அமுக்கினாகூட பல நேரம் சேனல் மாறிடும், கவனிச்சிருப்பீங்க. ரிமோட்ல இருந்து வர்ற, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம் சுவர்ல பட்டுத் திரும்பும், சுவரைத் தாண்டிப் போகாது, அவ்ளோதான் விஷயம். இத வச்சுதான் 1989ல இருந்து 1992க்குள்ள, இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருந்த ஆலிவெட்டி கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல ராய் வாண்ட், ஆண்டி ஹாப்பர்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் சேந்து 'ஆக்டிவ் பேட்ஜ்'னு ஒண்ணு செஞ்சாங்க.

சட்டையில மாட்டிக்கிற சின்ன பேட்ஜ். 15 செகண்டுக்கு ஒரு தடவை, செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் மட்டும், தனக்குன்னு இருக்கிற அடையாளக் குறியீட்டை இன்ஃப்ராரெட்ல சொல்லிட்டு அமைதியாயிடும். ரூமுக்கு ரூம் மாட்டியிருக்கிற சென்சார் அதக் கேட்டு வச்சுக்கும், ஒரு கம்ப்யூட்டர் ஒவ்வொரு சென்சாரா விசாரிச்சு யார் எங்கன்னு பட்டியல் போடும், ரிசப்ஷன்ல இருக்கிறவங்க அதப் பாத்து, யாருக்குப் போன் வருதோ அவருக்குக் கிட்ட இருக்கிற எக்ஸ்டென்ஷனுக்கே திருப்பி விட்டுடுவாங்க. அவர் இன்னும் அங்கயே இருக்க எவ்ளோ வாய்ப்புன்னும் அந்தப் பட்டியல்லயே இருக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், தெரியாததத் தெரிஞ்ச மாதிரி மெஷின் காட்டிக்கல.

சரி, ஏன் 15 செகண்ட்? அடிக்கடி கத்தினா பேட்டரி சீக்கிரம் போயிடும், இப்படி விட்டு விட்டுக் கத்தினதால ஒரு வருஷம் கிட்ட தாங்குச்சு. இன்னொரு காரணம், ஒரே ரூம்ல ரெண்டு பேட்ஜ் ஒரே நேரத்துல கத்தினா ரெண்டுமே புரியாது. 15 செகண்டுல பத்துல ஒரு பங்கு செகண்ட்தான் பேசுதுன்னா மோதுறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. அப்படியே மோதினாலும், உள்ள போட்ட பாகங்கள் 10 சதவீதம் முன்ன பின்ன இருக்கிற மலிவான பாகங்கள், அதனால ஒண்ணு 15 செகண்டுல கத்தினா இன்னொண்ணு பதினஞ்சரைல கத்தும், அடுத்த சுத்துலயே தானா விலகிடும். துல்லியமா இல்லாததே இங்க வேலைய சுலபமாக்கிடுச்சு!

பேட்ஜ்ல வெளிச்சத்தை உணர்ற பாகம் ஒண்ணும் உண்டு, மேஜை டிராயருக்குள்ள போட்டு மூடினா இருட்டுல அடங்கிடும். பேட்டரிய மிச்சம் பண்ணத்தான் வச்சாங்க, ஆனா நான் எங்க இருக்கேன்னு இப்ப யாருக்கும் தெரிய வேணாம்னு நினைக்கிறவருக்கும் அந்த டிராயர் போதும். ஆளை கவனிக்கிற எந்த இடத்துலயும் இப்படி ஒரு வழி இருந்தே ஆகணும்.

இடம் நம்மகிட்ட பேசணும்னா ஸ்கிரீன்தான் வேணும்னு இல்ல. அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் (PARC) ஆராய்ச்சி மையத்துல, நடாலி ஜெரெமிஜென்கோங்கிற கலைஞர் சீலிங்ல ஒரு குட்டி மோட்டார் மாட்டி அதுல 8 அடி பிளாஸ்டிக் கயிறைத் தொங்க விட்டாங்க, மோட்டாரை நெட்வொர்க் கேபிளோட இணைச்சாச்சு. டேட்டா போகப் போக கயிறு துடிக்கும், நெட்வொர்க் சும்மா இருந்தா சில செகண்டுக்கு ஒரு சின்ன அசைவுதான், பிஸியா இருந்தா வேகமா சுத்தி சத்தமே போடும். காரிடார் மூலையில அது சுத்துற சத்தத்தக் கேட்டே, பக்கத்து ரூம்ல வேலை பாக்கிறவங்க தலைய நிமித்தாம நெட்வொர்க் நெரிசல்ல இருக்குன்னு தெரிஞ்சுக்குவாங்க.