மண்ணில் கிடைத்த சிலையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் குளம் தூர்வாரும்போதும் காவிரி டெல்டாவில் செப்புத் திருமேனிகளும் பூஜைப் பாத்திரங்களும் கிடைப்பது புதிதல்ல. மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு இப்படி வந்து சேர்ந்த வெண்கலங்கள் ஏராளம். வரும்போதே சில பளபளவென்று இருக்கும். கிடைத்த அன்றே யாரோ புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருப்பார்கள். பக்தியோடு செய்வதுதான், ஆனால் சிலைக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

பல நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த வெண்கலத்தின் மேல் கரும்பச்சைப் படலம் படிந்திருக்கும். கெட்டியாக, வழவழப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராத படலம் என்றால் நல்லது. அதுதான் சிலைக்குக் கவசம். ஆடை மடிப்பும் பீடத்து எழுத்தும் பல இடங்களில் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். உப்பிலுள்ள குளோரைடோ நுண்துளைகள் வழியே உள்ளே போய்த் தங்கிவிடும்.

அடுத்த மழைக்காலத்தில் வினை தெரியும். அங்கங்கே வெளிர்பச்சைப் புள்ளி பூக்கும். தொட்டால் பொடியாக விரலில் ஒட்டும். இதை வெண்கல நோய் என்போம். உள்ளே இருக்கும் செம்புக் குளோரைடில் ஈரக்காற்று பட்டதும் அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் புதுச் செம்பை அரித்து மறுபடி குளோரைடாக்குகிறது. ஈரம் இருக்கும்வரை இது நிற்காது; மெல்லிய விரல்களும் ஆயுதங்களும் முதலில் உதிரும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அரிப்பு அடங்கும். அதனால்தான் இறுக மூடும் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் உலர்ந்த சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கிறோம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போட வேண்டும். அரிப்பு முற்றியதற்கு ஆய்வகத்தில் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசல் உண்டு. நச்சுப் பொருள், வீட்டில் தொடவே கூடாது.

சிலையைவிட எளிதில் தொலைந்துபோவது அது கிடந்த நிலை. ஒன்று தென்பட்டதும் கடப்பாரையை, பொக்லைனை நிறுத்துங்கள். எடுப்பதற்கு முன்பே பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். எத்தனை அடி ஆழம், எந்தத் திசை பார்த்து, கூடவே என்ன கிடந்தது என்று அங்கேயே எழுதுங்கள். தஞ்சைக் கலைக்கூடத்திலுள்ள திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரை, அதாவது காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவனைப் பார்த்திருப்பீர்கள். 1011-ஆம் ஆண்டளவில் வார்க்கப்பட்டவர். சாய்வதற்காக நீட்டிய கை இருக்கிறது, காளை இல்லை. அதனால் பீடம், சிலையைச் சூழ்ந்த திருவாசி வளைவு, உடைந்த துண்டு, பானை ஓடு எதையும் குப்பை என்று தள்ளாதீர்கள். காசுப் பானை கிடைத்தால் கவிழ்க்க வேண்டாம். எது மேலே, எது அடியில் என்பதைக் கொண்டு காசுகள் சேர்ந்த வரிசையைக்கூட ஊகிக்க முடியும். தூக்கும்போது கையையோ திருவாசியையோ பிடிக்காமல் பீடத்தடியில் இரு கை கொடுங்கள். ஒட்டிய மண்ணோடு பருத்தித் துணியில் சுற்றினால் போதும், பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளேயே வியர்த்துவிடும்.

பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறுமான எதுவானாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் என்ற விவரம் போதும். உரிமையாளர் யாரும் இல்லையென்று முடிவானால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் அதில் பங்கு உண்டு; அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். மறைத்தால் அந்தப் பங்கும் போய், தண்டனையும் வரும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ முதலில் சொல்லலாம். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.