இலையுதிர் காலத் தொடக்கம்: வேருக்கு உரிய வாரங்கள்

கடுங்குளிர் வரும் மிதவெப்ப நாடுகளில் செப்டம்பர் நடுவில் (பூமியின் தென்பாதியில் மார்ச்சில்) இரவுக் காற்று சில்லென்று ஆகிவிடும். மண் அவ்வளவு சீக்கிரம் குளிராது. கோடை முழுக்க வாங்கிய வெப்பத்தை அது மெதுவாகத்தான் விடும். ஆழம் கூடக் கூட இந்தத் தாமதமும் கூடும். அதனால் இலையுதிர் காலத்தின் முதல் சில வாரங்களில், மேலே குளிர் பரவியிருக்க, ஒரு சாண் ஆழத்தில் மண் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். தண்டும் இலையும் வளர்ச்சியை முடித்துக்கொண்ட பிறகும் வேர் தொடர்ந்து நீளும். பெரும்பாலான மிதவெப்ப மரங்களிலும் புதர்ச்செடிகளிலும் மண் சுமார் 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்வரை இந்த வளர்ச்சி நிற்பதில்லை.

இந்தப் பருவத்தில் எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்துவிடலாம். வேருக்கு உதவும் வேலை என்றால் உடனே செய்யலாம். புதுத் துளிரைக் கிளப்பிவிடும் வேலை என்றால் இப்போது கூடாது. நாள்காட்டியைவிட மண் வெப்பமானி நம்பகமானது. அதை 10 செ.மீ. ஆழத்தில் செருகி, தொடர்ந்து மூன்று நாள் காலையில் ஒரே நேரத்தில் பார்த்தால் மண்ணின் நிலை தெரிந்துவிடும்.

மரக்கன்றும் புதர்ச்செடியும் நட இதைவிட நல்ல பருவம் கிடையாது. இலை குறைந்துவருவதால் செடி இழக்கும் நீரும் குறைவு. வேருக்கோ வளர வெப்பம் இருக்கிறது. தரை உறையும் நாளுக்கு ஆறு வாரமாவது முன்னதாக நட்டுவிட வேண்டும். பசுமை மாறாத ஊசியிலை மரங்கள் குளிர்காலத்திலும் இலை வழியே நீரை இழப்பதால், அவற்றை இன்னும் முன்னதாக நடுவது நல்லது.

குழியின் அகலம், வேரோடு வரும் மண்கட்டியைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கட்டும். ஆழம் மட்டும் மண்கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. ஆழமாகத் தோண்டி மீண்டும் மண் இட்டால், அது பின்னால் அமுங்கிச் செடியைக் கீழே இறக்கிவிடும். தண்டு அகன்று வேராகப் பிரியும் தூர்ப்பகுதி தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது புதைந்தால் பட்டை ஓயாமல் ஈரத்தில் ஊறி அழுகும். இதன் விளைவு சில ஆண்டுகள் கழித்தே தெரிவதால், ஆழமாக நட்டதுதான் காரணம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

தொட்டியில் வளர்ந்த செடியில் வேர்கள் வட்டமாகச் சுற்றியிருக்கும். அவற்றைக் கையால் பிரித்துவிட வேண்டும்; பிரியாவிட்டால் நான்கு பக்கமும் மேலிருந்து கீழாக 2 செ.மீ. ஆழத்துக்குக் கத்தியால் கீறிவிட வேண்டும். அப்படியே நட்டால் வேர் சுற்றிக்கொண்டே பருத்து, ஒருநாள் தன் மரத்தின் அடியையே இறுக்கும். குழிக்குள் மட்கு உரத்தைக் கொட்டி நிரப்புவதும் தவறு. களிமண் நிலத்தில் பொலபொலப்பான அந்தக் குழிக்குள் சுற்றுப்புறத் தண்ணீர் வந்து தேங்கும், வேர் மூச்சுத் திணறும். தோண்டிய மண்ணையே திருப்பி இட்டு, 10 முதல் 15 லிட்டர் நீர் ஊற்றி, மேலே 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குச் சருகு, வைக்கோல் போன்றவற்றைப் பரப்பி மூடாக்கு போட வேண்டும். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்கட்டும். மழை பெய்கிறதே என்று விட்டுவிடக் கூடாது: சுற்றிலும் நிலம் ஈரமாக இருக்கும்போதே தொட்டி மண்கட்டி மட்டும் உள்ளே காய்ந்துபோவதுண்டு. வாரம் ஒருமுறை விரலை விட்டுப் பார்ப்பது நல்லது.

இனி, கூடாத வேலைகள். பகல் குறுகக் குறுக, மரம் நுனி மொட்டுகளை மூடி, திசுக்களில் சர்க்கரையைச் சேர்த்து, குளிரைத் தாங்கத் தயாராகும். அந்த நேரத்தில் தழைச்சத்து உரம் போட்டால் மீண்டும் கொழுந்து விடும். முதல் உறைபனியிலேயே அது கருகும். கிளைகளை வெட்டிவிடும் கவாத்தும் இதே கெடுதலைச் செய்யும். நுனி மொட்டிலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டியதும் அந்த அடக்கம் போய்விடும். வெட்டுக்காயமும் குளிரில் மெதுவாகத்தான் மூடும். மரம் முழு உறக்கத்துக்குப் போகும்வரை கத்தரியைத் தொடாதீர்கள். பட்டுப்போன கிளை, நோய் தாக்கிய கிளை மட்டும் விதிவிலக்கு. வசந்தத்தில் பூக்கும் புதர்கள் அடுத்த பூவின் மொட்டை ஏற்கெனவே தாங்கி நிற்பதால், அவற்றைப் பூத்து முடிந்தபின் வெட்டுவதே முறை.

பூக்கிழங்குகளில் டாஃபடிலுக்கும் டூலிப்புக்கும் ஒரே தேதி பொருந்தாது. டாஃபடில் சீக்கிரம் வேர்விடும் இனம், இப்போதே நடலாம். டூலிப்புக்கு மண் 10 டிகிரிக்கு அருகில் வரும்வரை பொறுக்க வேண்டும்; வெதுவெதுப்பான ஈரமண்ணில் பாட்ரைட்டிஸ் பூஞ்சை அதை எளிதில் பற்றும். இரண்டையும் கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலாக வைக்க வேண்டும். டூலிப்புக்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரக் குளிர் கிடைக்காவிட்டால், பூந்தண்டு நீளாமல் இலைகளுக்குள்ளேயே குட்டையாகப் பூத்து முடிந்துவிடும்.

பூண்டுக்கும் இந்தக் குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். இப்போது பாத்தியைத் தயார் செய்துவிட்டு, தரை உறைவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு, 5 செ.மீ. ஆழத்தில் 12 முதல் 15 செ.மீ. இடைவெளியில் பற்களை ஊன்றலாம். பெரிய பல்லையே விதைக்கு எடுங்கள், அதில்தான் பெரிய பூண்டு விளையும்.

அடுத்தது உதிரும் சருகு. குறையும் பகலால் இலையில் ஆக்சின் குறைய, பழுப்பதையும் உதிர்வதையும் தூண்டும் எத்திலீன் வாயுவின் கை ஓங்குகிறது. காம்பின் அடியில் இருக்கும் மெல்லிய அடுக்கின் செல்சுவர்களை நொதிகள் கரைக்க, இலை கழன்றுவிடும். அதற்கு முன்பே மரம் இலையின் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது பெரும்பாலும் கார்பனும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் என்பதால் சருகை மட்குவிப்பது முக்கியமாகப் பூஞ்சையின் வேலை. அதற்கு ஓராண்டிலிருந்து இரண்டாண்டு ஆகும். ஒரு மீட்டர் அகலக் கம்பிவலைக் கூண்டில் நனைத்து அடைத்து வைத்தால் போதும். நனைக்காமல் குவித்தால் அடுத்த ஆண்டும் சருகாகவே கிடக்கும். அவசரம் என்றால் புல்வெட்டியை மேலே ஓட்டிப் பொடியாக்கி, மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பச்சைப்புல் கலந்து, மாதம் ஒருமுறை கிளறிவிடலாம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி சொட்டும் ஈரம் சரியானது. தண்ணீர் வழிந்தால் காற்று போகாமல் நாற்றம் எடுக்கும்.

காய்த்து நிற்கும் தக்காளியை, இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் பறித்துவிட வேண்டும். அதற்குக் கீழே பழுப்பது நின்றுவிடும், சுவையும் கெடும். முழு அளவுக்கு வளர்ந்து மினுமினுக்கும் பச்சைக் காய்கள், 18 முதல் 21 டிகிரியில் ஒரு பெட்டிக்குள் பழுத்த வாழைப்பழத்தோடு வைத்தால் அதன் எத்திலீனில் சிவக்கும். வெயில் தேவையில்லை. பிஞ்சுகள் பழுக்கமாட்டா.

பூந்தொட்டிகளையும் கீரைப் பாத்தியையும் முதல் உறைபனியிலிருந்து காப்பாற்ற, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளைக் கவனித்தால் போதும். அன்றுதான் தரையின் வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போகும். ஈரமண் அதிக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அன்று பகலில் மண்ணுக்கு நீர் விடுங்கள். சூரியன் மறையும் முன்பே துணியால் மூட வேண்டும். செடியைச் சுற்றிக் கட்டினால் பயனில்லை. மண்ணிலிருந்து எழும் வெப்பம் உள்ளே தங்க, துணியின் ஓரம் தரையைத் தொட்டுக் கல்லின் கீழ் அமர்ந்திருக்க வேண்டும்.