செப்துவஜிந்து: எழுபதின்மர் பெயர்ப்பு

யூத மறைநூல்களின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்புக்குச் 'செப்துவஜிந்து' என்று பெயர். இலத்தீனில் எழுபதைக் குறிக்கும் 'செப்துவாகிந்தா' என்னும் எண்ணுப்பெயரே இதன் வேர். எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி, அலெக்சாந்திரியா நூலகத்திற்காக, குலத்துக்கு அறுவராகப் பன்னிரு குலங்களிலிருந்தும் 72 மூப்பர்களை எருசலேமிலிருந்து வரவழைத்தான் என்றும், அவர்கள் 72 நாளில் பணியை முடித்தனர் என்றும் 'அரிஸ்தேயாவின் மடல்' என்னும் பழைய கிரேக்க நூல் கூறுகிறது. இதை வரலாறாக ஆய்வாளர் கொள்வதில்லை. 72 பின்னர் எழுபதாகச் சுருங்கியது.

அம்மடல் பேசுவது மோசேயின் சட்ட நூலை, அதாவது மறைநூலின் முதல் ஐந்து நூல்களை மட்டுமே. ஏனைய நூல்கள் பிற்பாடு வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கைகளால் பெயர்க்கப்பட்டன. ஆயினும் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின், இறைவாக்கினர் நூல்களையும் தாலமி காலத்துப் பெயர்ப்பாகவே பேசினார். இவ்வாறு கிறிஸ்தவ வழக்கில் பெயரின் எல்லை விரிந்தது.

தொடக்கக் கிறிஸ்தவ எழுத்தாளருள் எபிரேயம் அறிந்தோர் மிகச் சிலரே ஆதலால், யூதர்கள் தங்களுக்கென ஆக்கிக்கொண்ட கிரேக்கப் பெயர்ப்பே பெரும்பாலோருக்கு மறைநூலாயிற்று. எசாயா 7:14இல் எபிரேயம் 'அல்மா', அதாவது இளம்பெண் என்று சொல்ல, கிரேக்கம் 'பார்த்தெனோஸ்', அதாவது கன்னி என்றது. நற்செய்தி நூலில் மத்தேயு மேற்கோள் காட்டியது பின்னதையே. இச்சொல்லைப் பற்றி யூதரான திரிபோவுடன் வாதிட்டதாக யுஸ்தின் எழுதியுள்ளார். அதே நூற்றாண்டில் எபிரேயத்தை ஒட்டிப் புதிதாகப் பெயர்த்த அக்குவிலா, இளம்பெண் என்னும் பொருள்தரும் 'நெயானிஸ்' என்ற சொல்லையே இட்டார். இத்தகைய வேறுபாடுகளை ஒருங்கே காண விரும்பிய கிறிஸ்தவ அறிஞர் ஒரிகென், 3ஆம் நூற்றாண்டில் எபிரேய மூலத்தையும் கிரேக்கப் பெயர்ப்புகளையும் பத்தி பத்தியாக அருகருகே எழுதுவித்தார். அந்த 'எக்சாப்லா' முழுமையாக எஞ்சவில்லை என்பது பேரிழப்பு.

தமிழில் 'எழுபதின்மர் பெயர்ப்பு' என்பதே பொருத்தமானது. களவியலுரை கடைச்சங்கப் புலவரை 'நாற்பத்தொன்பதின்மர்' என்பதுபோல, '-இன்மர்' என்னும் ஈறு எண்ணை ஆட்களுக்கு உரியதாக்குகிறது; வெறும் 'எழுபது' என்றால் அது விளங்காது. எனினும், சட்ட நூலுக்கு அப்பாற்பட்ட நூல்களைக் குறிக்கையில், குறிப்பாக 1ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுகையில், 'பழைய கிரேக்கப் பெயர்ப்பு' என்று எழுதுவதே பிழையற்றது. அக்காலத்தில் அவை தனித்தனிச் சுருள்களாகவே கைமாறின.