புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

சென்னை கொளத்தூரில் வரிசையாக இருக்கும் அலங்கார மீன் கடைகளுக்குப் போனால், ஒரே மணி நேரத்தில் தொட்டி, கூழாங்கல், ஏர் பம்ப், பாலித்தீன் பையில் நாலு கோல்ட் ஃபிஷ் என்று எல்லாவற்றையும் வாங்கி வந்துவிடலாம். அன்றைக்கே தண்ணீர் நிரப்பி மீனை விட்டால் முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும். வாரக் கடைசியில் ஒன்று மல்லாந்து மிதக்கும், அப்புறம் இன்னொன்று. நோஞ்சான் மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல சமயம் மீனில் ஒரு குறையும் இருக்காது. பளிங்கு மாதிரி தெரிகிற அந்தத் தண்ணீரில் அம்மோனியா ஏறிக்கொண்டிருக்கும்.

புரதம் செரித்தபின் மிஞ்சுகிற நைட்ரஜன் கழிவை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். மீனுக்கு அந்தச் சிரமம் இல்லை. பெரும்பகுதியை அம்மோனியாவாகவே செவுள் வழியாக விட்டுவிடும். குளத்திலும் ஆற்றிலும் அது நீர்த்துப் போகும். 40 லிட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடம் ஏது? தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும் அழுகி அதே அம்மோனியாவைத்தான் தரும்.

எவ்வளவு அம்மோனியா இருந்தால் ஆபத்து என்பது தண்ணீரைப் பொறுத்தது. அதில் ஒரு பங்கு அம்மோனியம் அயனியாக மாறி, அவ்வளவாகத் தீங்கு செய்யாமல் கிடக்கும். மாறாமல் நிற்கும் பங்குதான் செவுளைத் துளைத்து உள்ளே போகிறது. 25 டிகிரி சூட்டில், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 என்றால் இந்த நச்சுப் பங்கு நூற்றில் ஒன்றுகூட வராது. பிஎச் 8 ஆனால் நூற்றில் ஐந்து, 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சூடு ஏறினாலும் கூடும். கடினத்தன்மை மிகுந்த, பிஎச் 7-க்கு மேலே நிற்கிற போர் தண்ணீர், போதாக்குறைக்குச் சித்திரை வெயில்!

இதைச் சமாளிக்கிற வேலை பாக்டீரியாக்களுடையது. அவை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கி, அதை நைட்ரேட் ஆக்குகின்றன. இந்த இனத்தை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று மீன் வளர்ப்புக் கையேடுகள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன. 1998-ல் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தவர்கள் அங்கே கண்டது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு பாக்டீரியாவை. 2015-ல் இன்னொரு வியப்பு: இரண்டு படிகளையும் தனியாகவே முடிக்கிற நைட்ரோஸ்பைரா வகை, மீன் வளர்ப்புத் தொட்டி ஒன்றின் ஃபில்டரிலேயே அகப்பட்டது.

நடுவில் வருகிற நைட்ரைட்டும் லேசானதல்ல. ரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். ரத்தம் பழுப்பாகும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தொட்டியில் கொஞ்சம் உப்புப் போடும் பழக்கத்துக்கு இங்கே அர்த்தம் உண்டு. உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைய விடாமல் போட்டி போடும்.

சரி, இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் ஏன் இல்லை? ஒன்றிரண்டு இருக்கும், பெருகத்தான் நேரமாகும். வயிற்றுப்போக்குக் கிருமிகள் சில 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு வசதியான சூழலிலேயே அரை நாள், ஒரு நாள் பிடிக்கும். அதனால் தொட்டி பக்குவப்பட நாலிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. மீன் விடாமல் தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வரலாம்; அது அழுகித் தரும் அம்மோனியாவில் பாக்டீரியா பெருகும். நன்றாக ஓடுகிற தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி வந்து போட்டால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். எந்த பாட்டில் மருந்தையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

இவை தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மீனை வாளிக்கு மாற்றி, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிற வீடுகளில் தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடுகிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் மிச்சமிருப்பதையும் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை நாலு தரம் பிழிந்தால் போதும். புதிதாக ஊற்றுவதை ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் பறந்துவிடும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமைன் அப்படிப் போகாது. அதற்குக் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுதான்.

இந்த பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை ஏராளமாகக் குடிக்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க 4.5 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து வைப்பதே சுமார் 7.5 மில்லிகிராம். கரண்ட் போய் பம்ப் நின்றால் மீனும் பாக்டீரியாவும் ஒரே ஆக்சிஜனுக்கு அடித்துக்கொள்ளும். ஃபைட்டர் மீன் போன்ற சில தப்பிக்கும். ஃபைட்டரின் தலையில் காற்றைச் சுவாசிக்க ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்காக அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைப்பது கொடுமை. காற்றைச் சுவாசித்தாலும் அம்மோனியா அதையும் சுடும்.

இன்னொரு பக்கம், மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத தொட்டி. பாக்டீரியாவின் வேலையில் அமிலம் உண்டாகி பிஎச் மெல்ல இறங்கும். இறங்க இறங்க அவையும் சோர்ந்துபோகும். சேர்கிற அம்மோனியா அயனி வடிவில் அடங்கிக் கிடப்பதால் மீன்கள் எப்படியோ பழகிவிடும். திடீரென்று ஒரு நாள் பாதித் தொட்டியைக் காலி செய்து போர் தண்ணீர் ஊற்றினால் பிஎச் எகிறி, மிச்சமிருக்கும் அயனியில் கணிசமான பங்கு நச்சாகத் திரும்பும்; சாயங்காலத்துக்குள் தொட்டியே காலி. அப்படிப்பட்ட தொட்டியில் ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாமல், ஓரிரு வாரம் பொறுமையாக மாற்றிக்கொண்டே வர வேண்டும்.