நாவலை இலக்கிய முகவருக்கு அனுப்புமுன்

எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேசி நாவலை விற்றுக் கொடுப்பவர் இலக்கிய முகவர். தமிழ் நாவலுக்கு அந்த ஏற்பாடு யாழ்ப்பாணத்தில் இல்லை. சென்னையிலும் எழுதியவரே பதிப்பகத்தோடு நேராகப் பேசுவதுதான் பெருவழக்கு. இங்கே பலர் அச்சகத்துக்குத் தாங்களே காசு கட்டி முந்நூறோ ஐந்நூறோ பிரதி அடித்து, வெளியீட்டு விழாவும் வைத்து முடித்துவிடுகிறார்கள். லண்டனிலும் நியூயோர்க்கிலும் நிலைமை வேறு. அங்குள்ள பெரிய பதிப்பகங்கள் பல, முகவர் வழியாக வராத பிரதியை வாசிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும் நம் இளையவர்களுக்கும், தமிழ் நாவலை மொழிபெயர்த்து வெளியே கொண்டுபோக நினைப்பவர்களுக்கும் அந்த வழிதான் மிச்சம். அப்படி அனுப்பத் தயாராகும் பிரதிகளில் திரும்பத் திரும்பக் காணும் குறைகளைச் சொல்கிறோம்.

பெரிய குறை, தமிழ்ப் பிரதி சுத்தமாகாமலே மொழிபெயர்ப்பாளரின் கைக்குப் போவது. நம்மவர் பலரின் கோப்பு இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கணினியிலும் தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவும் முடியாது. பாமினியில் 'இ' இருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் விசையில். ஆகவே இடையில் ஆங்கில எழுத்துருவில் அடித்த காற்புள்ளிகள், மாற்றியபின் வசனத்தின் நடுவே 'இ' என்று வந்து நிற்கும். ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகும்.

பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னே தனியாக நிற்கும். காலுக்குப் பதில் 'ர' வந்து உட்காரும். கண்ணுக்குத் தெரியாத பிழை இன்னொன்று: 'மௌனம்' என்பதை ஒற்றைக்கொம்பும் 'ள'வும் சேர்த்து 'மெளனம்' என்று அடிப்பது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு வேறு சொல். தேடினால் பாதி அகப்படாது. அதற்காக 'மெள' என்றிருப்பதை எல்லாம் ஒரேயடியாக மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிடாதீர்கள், 'மெள்ள' என்ற நல்ல சொல்லும் கூடவே கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே வழி. பிறகு முழுப் பிரதியையும் ஒருமுறை தாளில் எடுத்து வாசியுங்கள். திரையில் தப்பியது தாளில் பிடிபடும்.

அடுத்தது பேச்சுமொழி. ஒரே பாத்திரம் முதல் அத்தியாயத்தில் 'எண்டு' என்றும் ஐந்தாம் அத்தியாயத்தில் 'என்டு' என்றும் சொல்லும். 'வாறன்' போய் 'வாரன்' வரும். 'ரயர், ரிக்கற்' என்று தொடங்கி, சென்னை நண்பர் வாசித்துக் கொடுத்தபின் பாதியில் 'டயர், டிக்கெட்' ஆகியிருக்கும். எது சரி என்ற வழக்கில் நாம் இறங்கவில்லை. எதை எடுத்தாலும் கடைசிவரை அதுவே இருக்கட்டும். இதற்கு ஒரு பக்கச் சொற்பட்டியல் போதும்: வட்டாரச் சொல், நீங்கள் தெரிவுசெய்த எழுத்துக்கூட்டு, எந்தப் பாத்திரம் அப்படிப் பேசுகிறது. வடமராட்சிக்காரரும் மட்டக்களப்பாரும் ஒரே நாவலில் வந்தால் இந்தத் தாள் இல்லாமல் மெய்ப்புப் பார்க்கவே முடியாது. மொழிபெயர்ப்பாளருக்கும் அதில் ஒரு பிரதி கொடுங்கள். 'உவன்', 'உது' எல்லாம் அச்சுப்பிழை என்று நினைத்து 'இவன்', 'இது' ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு.

காலக்கணக்கையும் தனியே சரிபார்க்க வேண்டும். யாழ்ப்பாணக் கதைகளில் வாசகர் பிடிக்கும் பிழை பெரும்பாலும் இங்கேதான். கொழும்பு ரயிலான யாழ்தேவி 1990இல் நின்று, மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில். 1998இல் யாழ்ப்பாண நிலையத்தில் ஒருவரை ரயிலேற்ற முடியாது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்து மக்கள் போரால் ஊரைவிட்டு வெளியேறிய இடப்பெயர்வு தொடங்கிய நாள், திங்கட்கிழமை. அந்த இரவில் முழுநிலவைக் காயவைத்தால் தவறு: 24ஆம் திகதிதான் சூரிய கிரகணம், அதாவது அமாவாசை. ஆறு நாளில் அரைநிலவுதான், அதுவும் நள்ளிரவையொட்டி மறைந்துவிடும். அத்தியாயம், திகதி, பாத்திரத்தின் வயது, போன வழி, வெளிச்சம் என்று ஐந்து நிரல் போட்டு எழுதிப் பாருங்கள், முரண்பாடு தானாக வெளியே வரும்.

இனி அனுப்பும் பொதி. முழு நாவலை எடுத்த எடுப்பில் யாரும் கேட்பதில்லை. பிரித்தானிய முகவர்கள் வழக்கமாகக் கேட்பது அறிமுகக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் அல்லது ஏறத்தாழ 10,000 சொற்கள். அமெரிக்காவில் கடிதத்துக்குத்தான் முதலிடம். கூடவே கேட்கும் பக்கங்கள் ஐந்தாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம். ஒவ்வொருவரின் தளத்திலும் எழுதியிருப்பதுதான் விதி. மொழிபெயர்ப்பு நாவல் எடுப்பாரா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள், பலர் எடுப்பதில்லை.

மாதிரிக்காக நடுவிலிருந்து 'நல்ல' அத்தியாயத்தைத் தெரிவுசெய்து அனுப்பாதீர்கள். முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்க வேண்டும். முதல் அத்தியாயம் ஊர்வருணனையாலும் வம்ச வரலாற்றாலும் நிரம்பிக் கதை மூன்றாவதில்தான் தொடங்குகிறது என்றால், திருத்த வேண்டியது நாவலை.

கடிதம் 300 சொல்லுக்குள் அடங்கட்டும்: நாவலின் பெயர், வகை, சொற்கணக்கு, கதை இரண்டு பந்தியில், உங்களைப்பற்றி மூன்று வரி. பெற்ற பட்டங்களும் பொன்னாடைகளும் அங்கே எடுபடாது.

கதைச்சுருக்கம் ஒரு பக்கம். நம்மவர் அதிகம் தடுமாறுவது இதில். 'முடிவை வெள்ளித்திரையில் காண்க' என்ற பழைய சினிமாப் பாட்டுப்புத்தகப் பழக்கம் இங்கே உதவாது. யார் இறக்கிறார், யார் காட்டிக்கொடுத்தார், கடைசியில் என்ன ஆகிறது என்று முடிவு உட்பட எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் எழுத வேண்டும். நாவல் கட்டுக்கோப்பாக முடிகிறதா என்று பார்க்கத்தான் அதைக் கேட்கிறார்கள். நான்கு ஐந்து பாத்திரங்களுக்கு மேல் பெயர் வேண்டாம். மற்றவர்கள் 'அண்ணன்', 'பக்கத்து வீட்டு ஆசிரியர்' என்றே வரலாம்.

சொற்கணக்கைத் தமிழ்ப் பிரதியிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் ஏழெட்டு. முதல் நாவலுக்கு அங்கே 70,000க்கும் 100,000க்கும் இடைப்பட்ட ஆங்கிலச் சொற்கள் இயல்பான அளவு. மொழிபெயர்த்த மாதிரியை எண்ணி, அந்த விகிதத்தில் முழு நாவலையும் மதிப்பிட்டு எழுதுங்கள்.

பக்க அமைப்பு எளிது: டைம்ஸ் நியூ ரோமன் 12 புள்ளி, இரட்டை வரியிடைவெளி, நாலு பக்கமும் ஒரு அங்குல ஓரம், ஒவ்வொரு பக்கத்தின் மேல் ஓரத்திலும் பெயரும் பக்க எண்ணும். வேர்ட் கோப்பு. அட்டைப்படம் வேண்டாம்.

உரிமையைப் பார்க்காமல் அனுப்புவதும் நடக்கிறது. தமிழில் நூல் வெளிவந்திருந்தால் மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் என்று ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். ஒப்பந்தமே இல்லையென்றால், உரிமை உங்களுடையது என்று பதிப்பாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவர்தானே என்று விடாமல், அவருக்கான தொகை, பங்கு, பெயர் வரும் இடம் மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே உங்கள் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு; ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டும். 'பதிப்புரிமை எடுத்துத் தருகிறோம்' என்று காசு கேட்பவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

முகவர் என்று சொல்லி வாசிப்புக் கட்டணம், திருத்தக் கட்டணம், 'பட்டியலில் சேர்க்கும்' கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உண்மையான முகவர் நாவல் விற்றபின் வரும் தொகையில்தான் எடுப்பார்: உள்நாட்டு விற்பனைக்கு வழக்கமாக 15 வீதம், வெளிநாட்டுக்கும் மொழிபெயர்ப்புக்கும் 20 வீதம். நீங்கள் முதலில் தொடர்புகொள்ளாமலே உங்கள் நாவலைப் புகழ்ந்து வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஒரே நேரத்தில் ஆறேழு பேருக்கு அனுப்பலாம், ஆனால் தனித்தனியாக. எல்லா முகவரிகளையும் ஒரே அஞ்சலில் போடுவது மரியாதைக்கேடு. அனுப்பிய திகதியைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் பதில் இல்லையென்றால் பெரும்பாலும் அது மறுப்புத்தான். ஒருவர் முழுப் பிரதியையும் கேட்டால் ஓரிரு நாளில் அனுப்ப வேண்டியிருக்கும். அப்போது உட்கார்ந்து மிச்சத்தை எழுதவோ மொழிபெயர்க்கவோ முடியாது. மாதிரி மட்டும்தான் ஆங்கிலத்தில் இருக்கிறதென்றால், அதை முதற்கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.