தரை அணிலின் இதயம் நமக்கு வாய்க்கவில்லை

ஐஸ் நிரப்பிய தொட்டியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒருவரைச் சென்ற வாரம் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். வயது 52. இதய இரத்தக் குழாயில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர். உடல் வெப்பம் 31 டிகிரி செல்சியஸ். நடுக்கம் நின்றுபோயிருந்தது, பேச்சு குழறியது. கூட வந்த தம்பி அவருடைய கால்களைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டே இருந்தார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. இ.சி.ஜி. தாளில் துடிப்புகள் தாறுமாறாக விழுந்திருந்தன. ஒவ்வொரு பெரிய அலையும் இறங்கி முடியும் இடத்தில் ஒரு சிறு திமில். ஆஸ்போர்ன் என்ற மருத்துவர் 1953இல் விவரித்த திமில் அது. குளிரில் விறைத்த இதயம் இடும் கையெழுத்து.

பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார்: "கரடி மாதக்கணக்கில் இதயத்துக்கு ஓய்வு கொடுக்கிறதே டாக்டர், நான் முக்கால் மணி நேரம்தானே இருந்தேன்?" இந்த ஆண்டில் இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் இவர் நான்காமவர். அதனால்தான் எழுதுகிறேன்.

கரடியிலிருந்தே தொடங்குவோம். அலாஸ்காவில் கருங்கரடிகளைக் குளிர்காலம் முழுவதும் கருவிகள் பொருத்திக் கவனித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிமிடத்துக்குச் சுமார் 55 முறை துடித்த இதயம் பத்துப் பதினைந்துக்கு இறங்கியது. உடலின் எரிபொருள் செலவு கால்பங்காகக் குறைந்தது. ஆனால் உடல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே போகவில்லை. அதாவது, குளிர்ந்ததால் அந்த இதயம் மெதுவாகவில்லை. உடல் தன் தேவையைத் தானே சுருக்கிக்கொண்டது, இதயம் அதற்கேற்பத் தணிந்தது.

குளிர்காலத்தைத் துயிலில் கழிக்கும் தரை அணில்களிலும் இதே வரிசைதான். துயிலில் இறங்கும்போது துடிப்பு முதலில் குறைகிறது, வெப்பம் பிறகுதான் விழுகிறது. இந்த வரிசை புரிந்தால் பாதிப் பேர் தொட்டியிலிருந்து எழுந்துவிடுவார்கள். மனிதருக்கு நடப்பது நேர் எதிர். குளிர் வெளியிலிருந்து வந்து தாக்குகிறது. உடல் அதை எதிர்த்துப் போராடுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, நாடி விரைகிறது, நடுக்கம் எரிபொருளைக் கரைக்கிறது. பிறகு துடிப்பு குறைகிறதே என்றால், அது ஓய்வு அன்று, தோல்வி. 32 டிகிரிக்குக் கீழே துடிப்பின் ஒழுங்கு குலையலாம். 28க்குக் கீழே போனால், இதயத்தின் கீழறைகள் இரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே துடிதுடிக்கும் நிலை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். படுக்கையை முரட்டுத்தனமாகத் தள்ளினால்கூடப் போதும்.

ஆர்க்டிக் தரை அணிலின் உள்வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கியது 1989இல் பதிவாகியிருக்கிறது. இரத்தம் உறையவில்லை, இதயம் நிற்கவில்லை. எப்படி? ஒவ்வொரு துடிப்பிலும் இதயச் செல்லுக்குள் கால்சியம் பெருகும். அடுத்த துடிப்புக்குள் அதை வாரி எடுத்தாக வேண்டும். குளிரில், அதை வாரி எடுக்கும் நம் செல்லின் பம்பு மந்தமாகிறது, கால்சியம் தேங்குகிறது, தசை முழுதாகத் தளர்வதில்லை, மின்னோட்டம் கலைகிறது. குளிர்த்துயில் கொள்ளும் விலங்குகளில் அந்தப் பம்பு வலுப்பெறுகிறது, உள்ளே வரும் கால்சியமும் குறைகிறது. செல்லுக்குச் செல் மின்னோட்டத்தைக் கடத்தும் இணைப்புகள் சிதையாமல் நிற்கின்றன. எரிபொருள் சர்க்கரையிலிருந்து கொழுப்புக்கு மாறுகிறது. இத்தனை ஏற்பாடும் பிறவியிலேயே அமைந்தது. பயிற்சியால் வராது. தானமாகப் பெற்ற மனித இதயத்தை ஐஸில் வைத்து எடுத்துச் செல்லும்போது எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த அணில்கூடக் குளிர்காலம் முழுவதும் ஒரே மூச்சாகக் குளிர்ந்து கிடப்பதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை, சூடு உண்டாக்குவதற்கென்றே உடலில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்து, சில மணி நேரத்தில் இயல்பு வெப்பத்துக்கு வருகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய துடிப்புகள் சில நூறாக ஏறுகின்றன. அந்த ஏற்றத்தை நம் இதயம் தாங்காது.

"நார்வேயில் ஒரு பெண் 13.7 டிகிரியிலும் பிழைத்தாரே?" என்பார்கள். பிழைத்தார். 1999இல் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய ஆன்னா பாகன்ஹோல்ம். அவருடைய இதயம் நின்றுபோயிருந்தது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இதய-நுரையீரல் இயந்திரமும் மணிக்கணக்கில் போராடிய ஒரு குழுவும் அவரை மீட்டன.

ஆகவே, ஸ்டென்ட் வைத்தவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவர்கள், குடும்பத்தில் இளவயது திடீர் மரணம் கண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐஸ் தொட்டிப் பக்கமே போகாதீர்கள். மற்றவர்களும் தனியாக இறங்காதீர்கள். குதிக்காதீர்கள். மூச்சு திணறும் முதல் நிமிடத்தில் முகத்தை முக்கவே முக்காதீர்கள்: தோலில் படும் குளிர் இதயத்தை விரட்டும், முகத்தில் படும் குளிர் அதையே இழுத்துப் பிடிக்கும். நாடி 40க்குக் கீழே போய்த் தலைசுற்றலும் இருந்தால், "என் இதயம் கரடி இதயம்" என்று பெருமைப்படாமல் அன்றைக்கே இ.சி.ஜி. எடுங்கள். தயவுசெய்து எடுங்கள்.

யாராவது குளிரில் விறைத்துப்போனால் ஈர உடையைக் களைந்து, படுக்கவைத்து, நெஞ்சையும் வயிற்றையும் போர்த்துங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள், நடக்கவைக்காதீர்கள், மது கொடுக்காதீர்கள். மருத்துவமனைக்கு வந்ததும் வெப்பமானி எவ்வளவு கீழே வரை காட்டும் என்று கேளுங்கள். சாதாரண வெப்பமானிகள் பல 32க்குக் கீழே அளப்பதில்லை, எங்கள் ஆட்களே சில நேரம் அதில் ஏமாறுகிறார்கள். மூச்சு இருக்கிறதா, நாடி இருக்கிறதா என்று ஒரு முழு நிமிடம் பாருங்கள், குளிர்ந்த உடலில் இரண்டும் மிக மெல்லியதாக இருக்கும். இல்லையென்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். உடல் சில்லிட்டிருக்கிறதே என்று பாதியில் கைவிடாதீர்கள். சூடேற்றிப் பார்க்கும்வரை நாங்களும் கைவிடுவதில்லை.